யானைக்காதுச் செடிகள்: செட்டிநாட்டில் வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் வட்டாரத்தில் வளவிலும் (வீட்டின் நடு முற்றம்) முகப்பிலும் பின்கட்டிலும் யானைக்காது வைத்திருப்போர் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே. பெரும்பாலான தொல்லைகள் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன: பெயர் ஒன்று, செடிகள் பல. ஒன்றை வாழவைக்கும் தண்ணீர் இன்னொன்றின் வேரை அழுக வைக்கும். ஆகவே செடியை அடையாளம் காணும் முதல் மூன்று பதில்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

யானைக்காது என்பது எந்தச் செடி?

தனியாக ஒரு செடிக்கு உரிய பெயர் அல்ல அது. பெரிய இதய வடிவ இலையைக் கண்டால் நர்சரிகளில் 'எலிபன்ட் இயர்' என்று சீட்டு ஒட்டிவிடுகிறார்கள். நம் பக்கம் அந்தப் பெயரில் கிடைப்பவை முக்கியமாக நான்கு: கோலோகேசியா (நம் சேம்பு), அலோகேசியா, சாந்தோசோமா, கலேடியம். நான்கும் அரேசியே குடும்பம். முதல் இரண்டும் ஆசியப் பக்கத்துச் செடிகள். பின் இரண்டும் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து சேர்ந்தவை.

பெயர் ஆங்கிலத்திலிருந்து இரவல் வாங்கியதோ என்று சிலர் கேட்கிறார்கள். வாடைக்காற்றில் அசையும் சேம்பிலையைக் களிற்றின் செவிக்கு ஒப்பிட்ட பாட்டு குறுந்தொகையிலேயே இருக்கிறது. உவமை நம்முடையதுதான்.

சேனைக்கிழங்கை இதனோடு சேர்க்க வேண்டாம். ஆங்கிலத்தில் அதற்கு யானையின் பாதத்தை வைத்துப் பெயர் இருப்பதால் குழப்பம் வருகிறது. சேனைக்கு ஒற்றைத் தண்டின் உச்சியில் குடை போல விரிந்து பலவாகப் பிளந்த இலை. காது வடிவமே கிடையாது.

இலையைப் பார்த்து எப்படிப் பிரித்துச் சொல்வது?

இலையில் நுனிக்கு எதிர்ப்பக்கம் இரண்டு மடல்களும் பிரியும் பிளவைக் கவட்டை என்று வைத்துக்கொள்வோம். காம்பு அந்தக் கவட்டையில் வந்து சேர்கிறதா, உள்ளே தள்ளிச் சேர்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

சேம்பில் காம்பு கவட்டையைத் தொடாது. அதிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை உள்ளே தள்ளி, குடைக்கம்பி துணியைத் தாங்குவது போல இலையின் அடிப்புறத்தில் வந்து சேரும். பல ரகங்களில் அந்த இடத்துக்கு நேர் மேலே வெளிறிய பொட்டோ ஊதாப் பொட்டோ தெரியும். இலையின் நுனி தரையைப் பார்த்துத் தொங்கும். மேற்பரப்பு மினுங்காது, மங்கலாக இருக்கும். உள்ளங்கைத் தண்ணீரை அதன்மேல் தெளித்துப் பாருங்கள்: தாமரை இலைத் தண்ணீர் போலத் திரண்டு, வெள்ளி மணியாக உருண்டு ஓடிவிடும். இலை நனையவே நனையாது.

பெரிய அலோகேசியாவான மேக்ரோரைசோஸில் வளர்ந்த இலையின் காம்பு கவட்டையிலேயே சேரும். இலை தடிப்பு, எண்ணெய் தடவியது போல மினுமினுப்பு. நுனி மேலே பார்த்தோ பக்கவாட்டிலோ நிற்கும். தெளித்த தண்ணீர் உருளாமல் படலமாகப் பரவும். வயதான செடியில் தரைக்கு மேலே தழும்பு விழுந்த தடித்த தண்டு எழும்பும். நல்ல இடத்தில் செடி 3 மீட்டரைத் தாண்டும். இதன் நெருங்கிய உறவான ஓடோராவில் காம்பு கொஞ்சம் உள்தள்ளிச் சேரும், ஆனால் நுனி மேல்நோக்கியே நிற்கும். அதன் பூவுக்கு நல்ல மணம்.

சாந்தோசோமா இலை அம்பு முனை போல இருக்கும். பிளவு காம்பு வரைக்கும் முழுசாக வந்துவிடுவதால், அடி நரம்புகள் இரண்டும் அந்த இடத்தில் இலைச்சதை இல்லாமல் வெறும் நரம்பாக நிற்பது தெரியும். விளிம்பை ஒட்டினாற்போல இலையைச் சுற்றி ஒரு நரம்பு ஓடும். காம்பை நறுக்கினால் பால் கசியும். 'பால் சேம்பு' என்ற பெயர் அதனால்தான்.

கலேடியத்தைத் தெரிந்துகொள்ளச் சிரமமே இல்லை. காகிதம் போன்ற மெல்லிய இலை, சிவப்பு, வெள்ளை, ரோஸ் நிறங்கள், முழங்கால் உயரம்.

ஓர் அடையாளத்தை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். பெரிய அலோகேசியாகூடக் கன்றாக இருக்கும்போது காம்பை உள்தள்ளிய இலைகளை விடும். காம்பு சேரும் இடம், நுனியின் திசை, தண்ணீர் உருள்வது ஆகிய மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

என் செடியில் காம்பு உள்தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் இலை கரும்பச்சை, வெள்ளை நரம்பு, பளபளப்பு. இது சேம்பா?

இல்லை. அது அலோகேசியா 'அமேசானிகா' அல்லது அதன் குள்ள வடிவமான 'பாலி' (Polly). சின்ன அலோகேசியாக்கள் பலவற்றில் காம்பு உள்தள்ளியே இருக்கும். போர்னியோவைச் சேர்ந்த 'பிளாக் வெல்வெட்'டும் அப்படித்தான். இவற்றில் இலையின் தடிப்பும், எடுப்பாக வெளுத்த நரம்புகளும்தான் அடையாளம்.

அமேசான் காட்டுச் செடி என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம். 1950களில் அமெரிக்காவின் மயாமி நகரில் 'அமேசான் நர்சரி' என்ற பண்ணையில் உருவாக்கிய கலப்பினம் அது. பண்ணையின் பெயர்தான் செடிக்கு ஒட்டிக்கொண்டது. இதைச் சொல்லக் காரணம் உண்டு: அமேசான் மழைக்காட்டை நினைத்துக்கொண்டு தினமும் தண்ணீர் ஊற்றி வேரை அழுக விடுபவர்கள் நிறைய.

தோட்டத்தில் தானாக முளைத்திருக்கிறது. சேப்பங்கிழங்குதான், பிடுங்கிச் சமைக்கலாம் என்கிறார் அப்பத்தா. சமைக்கலாமா?

வேண்டாம். நாமே விதைக்கிழங்கு வாங்கி நட்டதை மட்டும் சமையுங்கள். இந்தக் குடும்பத்துச் செடிகளில் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்களாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஊசிகள் கட்டுக்கட்டாக. கடித்தால் நாக்கிலும் தொண்டையிலும் குத்தி, வீக்கமும் எரிச்சலும் வரும். சமையல் ரகங்களில் அது குறைவு. கிழங்கைத் தோலோடு நன்றாகக் குழைய வேகவைத்து உரித்து, புளியும் சேர்க்கும் நம் சமையல் முறையில் அரிப்பு அடங்கிவிடும். அலங்காரச் சேம்பிலும் அலோகேசியாவிலும் இந்த உறுதியைத் தர முடியாது. வாய்க்கால் ஓரத்தில் தானாக வளரும் சேம்பு பல நேரம் கடுமையாக அரிக்கும். நர்சரிச் செடியில் மருந்து அடித்திருப்பார்கள் என்பது இன்னொரு காரணம்.

அப்பத்தா சமைத்த சேம்பு அவர் தோட்டத்தில் ஆண்டாண்டாக விதைக்கிழங்கு எடுத்து வைத்த ரகம். அவர் கைப்பழக்கம் சரிதான். செடிதான் வேறு.

செட்டிநாட்டு வீட்டில் எந்த இடம் நல்லது?

வளவைச் சுற்றியுள்ள பத்தியை (தூண் வைத்த தாழ்வாரம்) போன்ற இடம் அலோகேசியாவுக்கு வேறு எங்கும் கிடைக்காது. மேலே திறந்த வானம், நாலு பக்கமும் வெளிச்சத்தைத் திருப்பித் தரும் வெள்ளைச் சுவர், தாழ்வாரத்தின் நிழல். தூணுக்கு உள்பக்கமாக, நேர் வெயில் தொடாத இடத்தில் வையுங்கள். வெளிச்சம் போதுமா என்று அறிய, பகல் 11 மணிக்கு இலைக்கு ஒரு சாண் மேலே கையை நீட்டுங்கள். நிழலின் ஓரம் மங்கலாக, ஆனால் விரல்களைப் பிரித்து எண்ணும்படி விழுந்தால் சரியான வெளிச்சம். நிழலே விழவில்லை என்றால் இருட்டு: காம்பு நீண்டு, செடி ஒரு பக்கமாகச் சாயும். ஓரம் கத்தி போல் கூர்மையாக விழுந்தால் நேர் வெயில்: இலை வெளுத்துக் கருகும்.

வளவின் நடுவே, வானத்துக்கு நேர் கீழே வைப்பது தவறு. தை மாதத்தில் நிழலாக இருந்த அதே இடத்தில் சித்திரையில் உச்சி வெயில் செங்குத்தாக இறங்கும். சூரியன் நகர்வதைக் கணக்கில் வைத்து வருடத்தில் இரண்டு முறையாவது தொட்டியை நகர்த்துங்கள்.

சேம்புக்கும் பெரிய அலோகேசியாவுக்கும் பின்கட்டும் தோட்டமும் பொருந்தும். காலை வெயில் 10 மணி வரை படலாம். அதற்கு மேல் மரநிழலோ 50 சதவீத நிழல்வலையோ வேண்டும். 'பிளாக் மேஜிக்' போன்ற கருநிறச் சேம்புக்குக் காலை வெயில் அவசியம். நிழலில் அது பச்சையாகிவிடும். வெள்ளை படர்ந்த அலோகேசியாவுக்கோ நேர் வெயிலே ஆகாது, பச்சையம் இல்லாத வெள்ளைப் பகுதிதான் முதலில் கருகும்.

மண் கலவை என்ன?

சேம்புக்கு: செம்மண் 2 பங்கு, கண்மாய் வண்டல் 1 பங்கு, நன்கு மக்கிய சாணி எரு 1 பங்கு. கனமான மண், ஈரம் பிடிக்க வேண்டும். தொட்டி அகலமாக, குறைந்தது 14 அங்குலம்.

அலோகேசியாவுக்கு நேர்மாறு. தென்னை மட்டைச் சில்லு 2 பங்கு, நார்க்கழிவு 1 பங்கு, பெர்லைட் அல்லது உமிக்கரி 1 பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு. தண்ணீர் ஊற்றினால் பத்து விநாடிக்குள் அடியில் ஒழுக ஆரம்பிக்க வேண்டும். வேருக்குத் தண்ணீர் தேவைப்படுவது போலவே காற்றும் தேவை. களிமண்ணில் அந்தக் காற்று கிடைக்காது. தொட்டி, வேர்க்கட்டியை விட ஒன்று முதல் இரண்டு அங்குலம் மட்டுமே அகலமாக இருக்கட்டும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும், அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும்.

நார்க்கழிவுக் கட்டியை அப்படியே போடாதீர்கள். உப்பு இருக்கும். நிறையத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து கொட்டுவதை மூன்று முறை செய்யுங்கள்.

தண்ணீர் எப்போது, எவ்வளவு?

சேம்புக்கு ஈரம் காயவே கூடாது. சித்திரை முதல் ஆனி வரை காலை, மாலை இரு வேளையும் ஊற்றலாம். தொட்டியை இரண்டு அங்குலத் தண்ணீர் நிற்கும் தாம்பாளத்தில் வைத்தாலும் அது சந்தோஷப்படும். பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் வாய்க்கால் ஓரம் அதற்குச் சொர்க்கம்.

அலோகேசியாவுக்கு நாள் கணக்கு வைத்து ஊற்றாதீர்கள். ஆள்காட்டி விரலை முதல் மூட்டுக்குச் சற்றுக் கீழ் வரை மண்ணில் விடுங்கள். அந்த ஆழம் வரை காய்ந்திருந்தால் மட்டும், அடியில் ஒழுகும் வரை ஊற்றுங்கள். தாம்பாளத்தில் தேங்கியதை அரை மணியில் கொட்டிவிட வேண்டும். கோடையில் இது இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை வரும். மார்கழியில் வாரம் தாண்டலாம்.

காரைக்குடி சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசி ஊரறிந்தது. ஆனால் எல்லா வீட்டு ஆழ்துளைக் கிணற்றிலும் அந்தத் தண்ணீர் வராது. கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 500க்குக் கீழே காட்டினால் கவலையில்லை. 1000ஐத் தாண்டினால் மண்ணின் மேல் வெள்ளைப் பூப்பு படியும், இலை நுனிகள் தீயும். அப்போது மழைநீர்தான் வழி. வளவு ஓட்டிலிருந்து இறங்கும் மழையை அண்டா வைத்துப் பிடிக்கும் பழைய வழக்கம் இந்தச் செடிகளுக்காகவே ஏற்பட்டது போல இருக்கிறது. முதல் மழையில் ஓட்டு அழுக்கு போகட்டும், பிறகு பிடியுங்கள். மழைநீர் இல்லாத மாதங்களில், தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு தண்ணீரை மாதம் ஒரு முறை மெதுவாக ஊற்றி, உப்பை அடிவழியே கழுவி விடுங்கள்.

புது இலை மஞ்சளாக வருகிறது, நரம்பு மட்டும் பச்சை. உரம் போட்டும் மாறவில்லை. ஏன்?

நம் வட்டாரத்துக்கே உரிய தொல்லை இது. பலர் தவறான மருந்தைத் தேடுவதும் இங்கேதான்.

பழைய வீட்டைப் பழுது பார்க்கும்போது உதிர்ந்த சுண்ணாம்புக் காரையைத் தோட்டத்து ஓரத்தில்தான் கொட்டியிருப்பார்கள். மழையில் கரைந்து அது மண்ணோடு கலந்துவிடும். செம்புறாங்கல் மண் இயல்பில் புளிப்புத் தன்மை உள்ளது, இந்தச் செடிகளுக்கு ஏற்றது. காரை கலந்தால் அது காரத் தன்மைக்கு மாறிவிடுகிறது. மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. இரும்பு செடிக்குள் பழைய இலையிலிருந்து புது இலைக்கு நகராத சத்து என்பதால் புது இலைதான் வெளுக்கும்.

சந்தேகம் தீர ஒரு கரண்டி காய்ந்த மண்ணை வெள்ளைத் தட்டில் வைத்து, சமையல் வினிகர் நாலைந்து சொட்டு விடுங்கள். காதருகே வைத்துக் கேளுங்கள். மெல்லச் சீறி நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது.

தொட்டி என்றால் மண்ணை முழுசாக மாற்றுவதே நல்லது. தரையில் என்றால் இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழம் தோண்டி, காரைத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு வேறு செம்மண்ணும் எருவும் நிரப்புங்கள். உடனடி உதவிக்கு இரும்புச் சத்து வாங்கும்போது 'இடிடிஎச்ஏ' வகையைக் கேளுங்கள். மலிவாகக் கிடைக்கும் 'இடிடிஏ' வகையும் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) சுண்ணாம்பு மண்ணில் சீக்கிரம் செயலிழந்துவிடும். லிட்டருக்கு 1 கிராம் கரைத்தால் தண்ணீர் செக்கச்சிவந்து நிற்கும். 10 அங்குலத் தொட்டிக்கு அரை லிட்டர் வேரில் ஊற்றுங்கள். ஏற்கனவே வெளுத்த இலை முழுசாகத் தேறாது. அடுத்து வரும் இலையைப் பார்த்துத்தான் பலன் தெரியும்.

பழைய இலை முதலில் மஞ்சளானால் அது வேறு கதை. முழு இலையும் சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு அல்லது முதுமை. நரம்புக்கு இடையில் மட்டும் மஞ்சளானால் மக்னீசியம் குறைவு: மக்னீசியம் சல்பேட் லிட்டருக்கு 2 கிராம்.

ஓர் இலை புதிதாக வந்தால் ஓர் இலை போய்விடுகிறது. நோயா?

சின்ன அலோகேசியா நாலைந்து இலைக்கு மேல் தாங்காது. ஒன்று வந்து ஒன்று போவது அதன் கணக்கு. ஒன்று வந்து இரண்டு மூன்று போனால் வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாக, அழுத்தினால் விறைப்பாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாக, இழுத்தால் தோல் உருவிக்கொண்டு நடு நார் மட்டும் கையில் நிற்கும், வாடை அடிக்கும். அழுகியதை வெட்டி எறிந்து, சின்னத் தொட்டியில் புதுக் கலவையில் வையுங்கள். ஒரு மாதம் உரம் வேண்டாம்.

மஞ்சளாகும் இலையை உடனே வெட்ட வேண்டாம். செடி அதிலிருந்து சத்தை இழுத்துக்கொள்கிறது. காம்பு துவளும்போது எடுங்கள்.

விடியற்காலையில் இலை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதே?

நோய் இல்லை. இரவில் வேர் உறிஞ்சிய தண்ணீர் ஆவியாக வழியில்லாமல், நுனியில் உள்ள துளை வழியே துளித் துளியாக வெளியேறுகிறது. சேம்பில் இது அதிகம். தினமும் அலோகேசியாவில் நடந்தால் தண்ணீரைக் கொஞ்சம் குறையுங்கள்.

ஆடியில் இலை ஓரம் எல்லாம் பழுப்பாகிவிடுகிறது.

மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று. வேர் கொடுப்பதைவிட வேகமாக இலை தண்ணீரை இழக்கிறது. தண்ணீரைக் கூட்டிப் பயனில்லை, காற்றைத் தடுக்க வேண்டும். மேற்குப் பக்கம் தென்னங்கீற்றுத் தட்டியோ வலையோ கட்டுங்கள். தொட்டிகளை நெருக்கி வைத்தால் ஒன்றின் ஈரம் ஒன்றுக்கு உதவும். இலையில் தண்ணீர் தெளிப்பது பத்து நிமிட ஆறுதல்தான். கூழாங்கல் பரப்பிய தட்டில் தண்ணீர் ஊற்றி அதன்மேல் தொட்டியை வைத்தாலும் கிடைக்கும் ஈரம் சொற்பமே. கீற்றுத் தட்டிக்கு ஈடாகாது.

இலை மேலே ஊசி குத்தியது போல வெளிர்ப் புள்ளிகள், அடியில் மெல்லிய நூல். என்ன பூச்சி?

சிலந்திப்பேன். பங்குனி முதல் ஆனி வரை வறட்சியில் பெருகும். வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசி நடந்தால் பேன். குழாய்த் தண்ணீரை இலையின் அடிப்புறத்தில் வேகமாகப் பீய்ச்சி, மூன்று நாளுக்கு ஒரு முறையாக நாலு தடவை செய்தால் பாதிக்கு மேல் போய்விடும். மீதிக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, கலப்பதற்குக் காதி சோப்புக் கரைசல் 2 மில்லி, தண்ணீர் 1 லிட்டர். மாலையில், அடிப்புறம் நனையும்படி அடியுங்கள். முட்டை பொரிந்து வரும் என்பதால் வாரம் ஒன்றாக மூன்று வாரம் தொடர வேண்டும். ஒரு தடவையோடு நிறுத்துவதால்தான் பேன் திரும்பி வருகிறது. வெல்வெட் இலை ரகங்களுக்கு எண்ணெய் வேண்டாம், ஈரத் துணியால் துடையுங்கள்.

ஐப்பசி மழையில் சேம்பிலையில் வட்ட வட்டமாகக் கருகுகிறது. இரண்டே வாரத்தில் தோட்டமே போய்விட்டது.

இலைக்கருகல் நோய். பைட்டோப்தோரா என்ற பூஞ்சணம் போன்ற உயிரி காரணம். முதலில் நீர் கோத்தது போல் சிறு புள்ளி. பிறகு பழுப்பு வளையங்களாகப் பெரிதாகி, ஓரத்தில் ஆரஞ்சு நிறச் சொட்டுகள் திரளும். காலையில் அடிப்புறத்தைப் பார்த்தால் வெண்ணிறத் தூள் தெரியும். அடைமழை, மேகமூட்டம், இரவுக் குளிர் மூன்றும் சேர்ந்தால் நோய் பாயும். 1993இல் சமோவாத் தீவுகளுக்குள் நுழைந்த இதே நோய், அங்கே முக்கிய உணவாக இருந்த சேம்புப் பயிரை அடியோடு சாய்த்தது. அற்பமாக எண்ண வேண்டாம்.

புள்ளி கண்ட இலையை அன்றே வெட்டி எரித்துவிடுங்கள், எருக்குழியில் போடாதீர்கள். செடிக்குச் செடி 45 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள். மேன்கோசெப் என்ற பூஞ்சணக்கொல்லியை லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளிக்கலாம். அது வருமுன் காக்கும் மருந்து, புள்ளி வந்த இலையைக் குணமாக்காது. ஆகவே பருவமழைக்கு முன்பே முதல் தெளிப்பு. சேம்பிலையில் எதுவும் ஒட்டாது என்பது தெரிந்ததுதானே, ஒட்டும் திரவம் சேர்க்காமல் அடித்தால் மருந்தும் உருண்டு மண்ணுக்குப் போய்விடும். கீரையாக இலையைப் பறிக்கும் செடிக்கு இந்த மருந்து வேண்டாம்.

மார்கழியில் எல்லா இலையும் காய்ந்துவிட்டது. செத்துவிட்டதா?

எந்தச் செடி என்பதைப் பொறுத்தது. கலேடியம் என்றால் உறங்கப் போகிறது. தண்ணீரை நிறுத்தி, கிழங்கை எடுத்து, காய்ந்த மணலில் வைத்துப் பங்குனியில் நடுங்கள். நட்டு ஆறு ஏழு மாதமான சேப்பங்கிழங்கு என்றால் அறுவடைக்குத் தயார் என்று அர்த்தம். அலோகேசியா என்றால் குளிரைக் குற்றம் சொல்லாதீர்கள். நம் ஊர் மார்கழி அதை முழுசாக உறங்க வைக்கும் அளவுக்குக் குளிராது, வளர்ச்சியை மெதுவாக்கும், அவ்வளவுதான். கோடைக் கணக்கில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்திருப்பீர்கள். கிழங்கைத் தோண்டி அழுத்திப் பாருங்கள், கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது.

சந்தையில் வாங்கிய சேப்பங்கிழங்கை நடலாமா?

தாராளமாக. கழுவாத, 25 முதல் 35 கிராம் எடையுள்ள, நுனி முளை சேதமாகாத கிழங்காகப் பொறுக்குங்கள். நிழலில் ஒரு வாரம் வைத்தால் முளை வெள்ளையாகத் தலைகாட்டும். வைகாசி, ஆனியில் முளை மேலாக இரண்டு அங்குல ஆழத்தில், 60க்கு 45 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டு, மேலே வைக்கோல் மூடாக்குப் போடுங்கள். ஒரு மாதத்திலும் இரண்டாம் மாத முடிவிலும் மண் அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் பக்கக் கிழங்கு பெருக்காமல் இலையாக ஓடிவிடும். நல்ல ரகம் வேண்டுமென்றால், திருவனந்தபுரம் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ஸ்ரீ ரஷ்மி, ஸ்ரீ பல்லவி போன்றவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

அலோகேசியாவின் வேரில் சுண்டைக்காய் போல் உருண்டைகள் இருக்கின்றன. அவற்றை முளைக்க வைக்க முடியுமா?

முடியும். தொட்டி மாற்றும்போது அவற்றைப் பிரித்தெடுத்து, பழுப்புத் தோலை நகத்தால் மெல்ல உரியுங்கள். உள்ளே தந்த நிறத்தில் வழவழப்பாக இருக்கும். கூர்முனை மேலே, வேர்த் தழும்புள்ள தட்டைப் பக்கம் கீழே. பிழிந்தால் சொட்டாத அளவு ஈரமான நார்க்கழிவில் பாதி மட்டும் புதையும்படி பதித்து, ஒளி ஊடுருவும் மூடி போட்ட டப்பாவில் வெளிச்சமான நிழலில் வையுங்கள். நம் ஊர்ச் சூட்டில் மூன்று முதல் ஆறு வாரத்தில் முளைக்கும். வெயிலில் வைத்தால் டப்பாவுக்குள் வெந்துவிடும். இரண்டாவது இலை வந்ததும் மூடியைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, பத்து நாளில் முழுசாக எடுங்கள். ஒரேயடியாகத் திறந்தால் இலை சுருண்டுவிடும்.

ஆன்லைனில் வாங்கிய செடி வந்த வாரமே இலை உதிர்க்கிறது.

இரண்டு மூன்று இலை போவது பயணக் களைப்பு. பத்து நாள் நிழலில் விட்டுவிடுங்கள். பிறகு வேரைச் சுற்றி வலைத்துணிச் சிறுபொதி இருக்கிறதா என்று பாருங்கள். திசு வளர்ப்புக் கன்றுகளை அதில்தான் வளர்க்கிறார்கள். அதைக் கத்தரித்து எடுக்காவிட்டால் நடுவில் மட்டும் ஈரம் தேங்கி அழுகும். சித்திரை, வைகாசியில் தருவிக்காதீர்கள், கூரியர் வண்டிக்குள் வெந்துதான் வரும்.

உரம்?

வளரும் காலத்தில் 19:19:19 கரையும் உரம், சேம்புக்கு லிட்டருக்கு 2 கிராம், சின்ன அலோகேசியாவுக்கு 1 கிராம், 15 நாளுக்கு ஒரு முறை, ஈர மண்ணில் மட்டும். மார்கழி, தையில் நிறுத்திவிடுங்கள்.

வெட்டும்போது கை அரிக்கிறது. குழந்தை கடித்துவிட்டால் என்ன செய்வது?

கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டோ உறை போட்டுக்கொண்டோ வெட்டுங்கள். சாறு வேட்டி சேலையில் பட்டால் பழுப்புக் கறை போகாது. கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, மருத்துவரிடம் காட்ட வேண்டும். குழந்தை கடித்தால் வாயிலுள்ளதைத் துடைத்தெடுத்து, கொப்பளிக்கச் செய்து, குளிர்ந்த பாலோ தயிரோ கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உதடு, நாக்கு வீங்கினாலோ, எச்சில் விழுங்க முடியாமல் ஒழுகினாலோ, மூச்சு இழுத்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டில் தொட்டி இடுப்பு உயரத்துக்கு மேல் இருப்பதே நல்லது.

தொட்டி வைத்த இடத்தில் ஆத்தங்குடிக் கல்லில் வட்டமாக வெள்ளைத் தடம் விழுந்துவிட்டது.

அடியில் தேங்கிய ஈரம் காயும்போது விடும் உப்பு. ஆத்தங்குடிக் கல் சிமென்டில் வார்த்தது, சூளையில் சுட்ட மெருகு அதற்குக் கிடையாது, ஈரத்தை உறிஞ்சும். ஆசிட், எலுமிச்சை, வினிகர் எதையும் போடாதீர்கள், பூவேலையின் நிறமே அரிக்கும். வெறும் தண்ணீரில் துடைத்து, காய்ந்தபின் தேங்காய் எண்ணெய்த் துணியால் தேய்த்து வந்தால் மெல்ல மங்கும். இனி மூன்று செங்கலோ முக்காலியோ வைத்துத் தொட்டியைத் தரையிலிருந்து உயர்த்துங்கள். உரத் தண்ணீர் ஊற்றும்போது தொட்டியை முற்றத்துக் கல்தளத்துக்கு எடுத்துப் போய் ஊற்றி, வடிந்தபின் திருப்பி வையுங்கள்.

சேம்புத் தாம்பாளத்தில் நிற்கும் தண்ணீரில் டெங்குக் கொசு முட்டையிடும். வாரம் ஒரு முறை கவிழ்த்து, ஓரத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை தண்ணீரில் இல்லை, விளிம்பில்தான் ஒட்டியிருக்கும். பெரிய கல்தொட்டியில் வைத்திருந்தால் நாலைந்து கப்பி மீன் விடுங்கள்.

கன்றுகள் பெருகிவிட்டன. ஊருணிக் கரையில் நட்டுவிடலாமா?

கூடாது. சேம்பு ஓடுதண்டு விட்டுக் கரை முழுக்கப் படரும், ஒரு துண்டுக் கிழங்கு மண்ணில் இருந்தால் மறுபடி எழும். குடிக்க ஊருணியை நம்பும் ஊர்களில் அதன் வரத்துக்கால் அடைபடுவது சின்ன விஷயம் அல்ல. வேண்டியவர்களுக்குக் கொடுங்கள், மிஞ்சியதை நறுக்கி, நல்ல வெயிலில் சருகாகக் காயவிட்டபின் எருக்குழியில் போடுங்கள். ஈரத்தோடு போட்டால் எருக்குழியிலேயே முளைத்து நிற்கும்.